பக்கச் சக்கரம்

செம்மாண்டவலசில் நல்ல புருஷன் என்று யாராவது பேச்செடுத்தால் காளிச்சாமியின் பெயர்தான் முதலில் வரும். அவன் மனைவி மோகனப்பிரியாவுக்குச் சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் சூம்பிப்போயிருந்தன. கக்கத்தில் ஊன்றுகோல் வைத்து வீட்டுக்குள்ளும் வாசலிலும் நடப்பாள். அதற்கு மேல் எங்கே போவதானாலும் காளிச்சாமி வேண்டும். காலையில் அவளைத் தூக்கி பைக்கின் பின்சீட்டில் உட்கார வைத்து, ஊன்றுகோலைத் தன் மடியின் குறுக்கே வைத்துக்கொண்டு, காட்டூர்ப்புதூர் கிளைத் தபாலாபீசில் கொண்டுபோய் இறக்குவான். அவள் அங்கே போஸ்ட்மாஸ்டர். மத்தியானம் திரும்பப் போய்க் கூட்டிக்கொண்டு வருவான். கல்யாணங்களில் அவளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவன் மண்டபத்துப் படியேறும்போது, பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்திப் பார்ப்பார்கள். முன்வரிசையில் யாராவது எழுந்து இடம் விடுவார்கள். "குடுத்து வெச்சவ" என்று பெண்கள் அவள் காதுபடவே சொல்வார்கள்.

காளிச்சாமிக்கு வாழ்க்கையில் வேறு பெருமை எதுவும் வாய்த்ததில்லை. அப்பா விட்டுப்போன காடு தண்ணீரில்லாமல் கைவிட்டுப் போயிற்று. கோழிப்பண்ணை வைத்துப் பார்த்தான், நிலைக்கவில்லை. இப்போது தாராபுரம் ரோட்டில் ஒரு கொப்பரைக் களத்தில் மேஸ்திரி. நடுவேலையில் அவன் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினால் களத்து முதலாளி குமாரசாமி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். "அந்த அம்மிணியக் கூட்டியாரத்தான போறே, பைய போய்ட்டு வா" என்பார். அவர் அதைச் சொல்லும்போது களத்தில் தேங்காய் உடைக்கிறவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். அது அவனுக்குப் பிடிக்கும்.

இப்படி இருந்தபோதுதான் கோயம்புத்தூரில் கல்லூரி படிக்கும் மகள் லோகப்பிரியா அம்மாவுக்காக ஓர் அறக்கட்டளையில் எழுதிப் போட்டாள். கிராமத்துப் பக்கம் வேலைக்குப் போகிற மாற்றுத்திறனாளிகளுக்கு, பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் கொடுக்கிற அறக்கட்டளை. எழுதிப் போட்டதை அப்பாவிடம் அவள் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

வண்டி கிடைத்துவிட்டது என்று போன் வந்த அன்று காளிச்சாமி சிரித்தான். "எனக்கு ரெஸ்டுதான் போ" என்றான். சொல்லிவிட்டு வெகுநேரம் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஓட்டப் பழக கோயம்புத்தூருக்குப் போனார்கள். அறக்கட்டளைக்காகப் பக்கச் சக்கரம் பொருத்திக் கொடுப்பவர் ரசாக். உக்கடத்தில் பட்டறை வைத்திருந்தார். நரைத்த தாடி, கிரீஸ் படிந்த விரல்கள், தணிந்த குரல். பட்டறைக்குப் பக்கத்து மைதானத்தில் அவர்தான் மோகனாவுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தார். காளிச்சாமி வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். ரசாக் வண்டிக்குப் பின்னாலேயே நடந்து போனார்.

"பிரேக்க மெதுவாப் புடிங்க தங்கச்சி. ரோட்டப் பாருங்க, ஹேண்டில்பாரப் பாக்காதீங்க."

"கை நடுங்குதுங்ணா."

"நடுங்கட்டும். நடுங்கற கையிலயே ஓட்டுங்க."

மூன்றாவது சுற்றில் ரசாக் பின்னால் நடப்பதை நிறுத்திக்கொண்டார். மோகனா மட்டும் மைதானத்தின் அந்தக் கோடிவரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். காற்றில் அவள் முந்தானை பறந்தது. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள். கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அவள் அப்படிச் சிரித்துக் காளிச்சாமி பார்த்ததில்லை. பைக்கில் அவள் எப்போதும் அவன் முதுகுக்குப் பின்னால்தானே இருந்தாள். ஒருவேளை அங்கேயும் சிரித்திருப்பாளோ என்னவோ, அவனுக்குத் தெரியாது. வண்டியை நிறுத்தியதும் அவள் முதலில் பார்த்தது ரசாக்கை.

"பாத்தீங்களாண்ணா?"

"பாத்தேன் பாத்தேன். மாப்ளைங்களக் கேளுங்க, அவிங்களும் பாத்தாங்க" என்று ரசாக் மரத்தடியைக் காட்டினார். காளிச்சாமி தலையை ஆட்டினான்.

வண்டி வழங்கிய விழாவில் மைக்கைக் கொடுத்து அவளை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அறக்கட்டளைக்கு நன்றி சொன்னாள், மகளுக்குச் சொன்னாள், ரசாக் அண்ணனுக்குச் சொன்னாள். அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பும்போது காளிச்சாமி பேசாமல் வந்தான். அவளே கேட்டாள்.

"ஏனுங்க, ஒண்ணும் பேசாம வர்றீங்க?"

"எல்லாத்துக்கும் நன்றி சொன்னே."

அவளுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் சிரித்தாள். "உங்குளுக்கு எதுக்குங்க மைக்குல? நீங்க வேத்து ஆளா?"

சரியான பதில்தான். ஆனாலும் அவனுக்கு ஆறவில்லை.

அதன்பிறகு காலையில் மோகனா தானே கிளம்பினாள். ஊன்றுகோலை வண்டியின் பக்கவாட்டுக் கொக்கியில் மாட்டிக்கொண்டு, "வரட்டுங்களா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். காளிச்சாமி நேரத்துக்குக் களத்துக்குப் போனான். மத்தியானம் கிளம்ப வேண்டிய வேளையில் கை தானாகப் பைக் சாவியைத் தேடும். குமாரசாமி ஒருநாள், "இப்பத்தாம்பா உன்னை முழுசா ஒருநா வேலைல பாக்கறேன்" என்று சிரித்தார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஊரில் எல்லாரும் அவளிடமே வண்டியைப் பற்றிக் கேட்டார்கள். பென்ஷன் பணம் வாங்க நடக்க முடியாத கிழவர்களின் வீட்டு வாசலுக்கே அவள் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். முன்பெல்லாம் பைக்கை நிறுத்தி அவனை நலம் விசாரித்தவர்கள் இப்போது, "அம்மிணி இப்பத்தான் இப்படிப் போச்சுங்க" என்று அவள் போன திசையைக் காட்டினார்கள். வண்டியில் ஏதாவது சத்தம் வந்தால் அவள் ரசாக்குக்குப் போன் போட்டாள். என்ன சத்தம் என்று அவளே வாயால் செய்து காட்டுவாள். அந்தப் பக்கம் அவர் ஏதோ சொல்ல, இவள் சிரிப்பாள். சமையல்கட்டிலிருந்து அந்தச் சிரிப்பு வரும்போது காளிச்சாமி டீவியின் சத்தத்தைக் கூட்டுவான். ரசாக் வயதானவர், நல்லவர், பேரன் பேத்தி எடுத்தவர். அது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் அவர் பெயர் போனில் வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவான். அந்த மனுஷன் மேல் வந்த எரிச்சலைவிட, வாசலில் நிழலில் நிற்கிற அந்தச் சிவப்பு வண்டியின் மேல் அவனுக்கு அதிகமாக எரிந்தது. மழைத் தூறல் விழுந்தால் அவள் முதலில் அதற்குத்தான் படுதாவைப் போடச் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டுப் பக்கத்துப் பங்காளி ஒருவன் போன் செய்தான்.

"உன்ற ஊட்டுக்காரியக் கொடுமுடில பாத்தனப்பா. ஆத்தோரமா வண்டிய நிறுத்திட்டு உக்காந்திருந்துச்சு."

காளிச்சாமியின் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி, "யாரோட?" என்பதுதான்.

"தனியாத்தான். ஏன், நீயும் வந்திருக்கியான்னு கேக்கத்தான் போன் பண்ணுனேன்."

போனை வைத்த பிறகு தன் கேள்வியை நினைத்து அவனுக்கே கூசியது. ஆனாலும் அவள் பொழுது சாய வீட்டுக்கு வந்தபோது அந்தக் கூச்சம் போய்க் கோபம் மட்டும் நின்றது.

"கொடுமுடிக்கு எதுக்குப் போனே?"

அவள் மறைக்கவில்லை. "சும்மாத்தானுங்க. காவேரியப் பாக்கோணும்னு தோணுச்சு."

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டனா?"

"கூட்டிட்டுத்தான் போயிருப்பீங்க." அவள் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "ஆனா என்னத்துக்குன்னு கேப்பீங்க. நான் ஒரு காரணம் சொல்லோணும். இத்தனை வருசமா எங்க போனாலும் எனக்கு ஒரு காரணம் வேணுமுங்க. ஆஸ்பத்திரி, கல்யாணம், ஆபீசு. சும்மா போய்ட்டு வர்றது எப்படி இருக்குமுன்னு பாக்கத்தான் போனேன்."

"எப்படி இருந்துச்சு?"

"நெம்ப நல்லா இருந்துச்சுங்க."

அவன் இல்லாமல் அவளுக்கு நன்றாக இருந்தது. அவள் சொன்னதில் அவனுக்குக் கேட்டது அது மட்டும்தான்.

மறுநாள் காலை அவள் குளித்துக்கொண்டிருந்தபோது காளிச்சாமி வண்டியருகே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். இடது பக்கச் சக்கரத்தின் வால்வு மூடியைத் திருகி எடுத்தான். சாவி நுனியால் ஊசியை அழுத்தினான். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. முழுவதையும் இறக்கவில்லை. முழுவதும் இறங்கினால் வாசலிலேயே தெரிந்துவிடும், பம்பை எடுத்து அடித்துவிடுவாள். பார்த்தால் தெரியாத அளவுக்கு இறக்கினான். வால்வு ஊசியை லேசாகத் தளர்த்தியும் விட்டான். பாதி வழியில் மீதியும் இறங்கும். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் போன் பண்ணுவாள். அவன் பைக்கில் போவான். தூக்கி உட்கார வைத்து ஆபீசில் இறக்குவான். அவ்வளவுதான் அவன் நினைத்தது.

களத்தில் அவன் போனை மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காத்திருந்தான். மணி அடித்ததும் எடுத்துப் பார்த்தான். மோகனாவின் பெயர். சந்தோஷமாக இருந்தது.

"ஏனுங்க." அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. "உழுந்துட்டனுங்க. வாய்க்கா மேட்டுத் திருப்பத்துல. கை என்னமோ ஆகிப்போச்சு."

அவன் போய்ச் சேர்ந்தபோது ஆடு மேய்க்கிற ஒருவர் அவளைத் தூக்கி நிழலில் உட்கார வைத்திருந்தார். வண்டி வாய்க்கால் கரையில் இடப்பக்கமாகச் சரிந்து கிடந்தது. இன்னும் ஒரு முழம் சரிந்திருந்தால் தண்ணீர். திரும்பும்போது இடது சக்கரம் அமுங்கி வண்டி அந்தப் பக்கமாக இழுத்திருக்கிறது. அவள் முன்னால் குப்புற விழுந்து கையை ஊன்றியிருக்கிறாள். வலது மணிக்கட்டு வீங்கிக் கோணிக்கொண்டிருந்தது. முழங்கையிலிருந்து ரத்தம் வடிந்தது.

"வண்டிக்கு ஒண்ணும் ஆகலீங்களே?" என்று கேட்டாள் அவள்.

தாராபுரம் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டுப் போட்ட கையில் ஊன்றுகோல் பிடிக்க முடியாது. ஊன்றுகோல் இல்லாமல் அவளால் நிற்க முடியாது. கட்டிலிலிருந்து குளிக்கிற பொடக்காணிக்கு, பொடக்காணியிலிருந்து அடுப்படிக்கு, எங்கே போவதானாலும் காளிச்சாமிதான் தூக்க வேண்டும். தலை வாரிவிட வேண்டும், சோறு பிசைந்து கொடுக்க வேண்டும். அவன் களத்துக்கு லீவு சொன்னான். அவன் விரும்பியது விரும்பியதற்கு மேலாகவே கிடைத்திருந்தது. தூக்கும்போதெல்லாம் அவள் இடது கை அவன் கழுத்தைச் சுற்றும். அப்போது அவள் முகத்தைப் பார்க்காமல் நடப்பான்.

பக்கத்து வீட்டு சின்னாத்தாள் ரசம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்று பார்த்தாள். "பெத்த தாயி கூட இப்படிப் பாக்க மாட்டா சாமி" என்றாள். காளிச்சாமி சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

விழுந்த வண்டியைப் பார்க்க ரசாக் வந்தார். பழனிப் பக்கம் வேறொரு வேலையாகப் போகிறவர், வழியில் இறங்கினார். மோகனா தன்னைக் கட்டிலோடு வாசலுக்குக் கொண்டுவந்து போடச் சொன்னாள். அவள் பார்க்க, அவர் வண்டியைச் சுற்றி வந்தார். வளைந்த மட்கார்டைத் தட்டி நிமிர்த்தினார். இடது சக்கரத்துக்குக் காற்றடித்து, டியூபை எடுத்துத் தண்ணீரில் முக்கிப் பார்த்தார். வால்வு வாயில் தவிர வேறெங்கும் குமிழி வரவில்லை. வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பஞ்சர் இல்ல தங்கச்சி. ஊசி தளந்திருக்குது. தானாத் தளராது, நாந்தான் முறுக்கினேன், எனக்குத் தெரியும்." சற்று நிறுத்தினார். "பசங்க யாராச்சும் வெளையாட்டுக்குப் பண்ணியிருப்பானுக. மூடிக்கு மேல ஒரு பூட்டு மாதிரி போட்டுடறேன்."

சொல்லும்போது அவர் காளிச்சாமியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததிலேயே காளிச்சாமிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. டீ குடித்துவிட்டு, "வர்றேன் மாப்ளைங்க" என்று கைகுலுக்கிவிட்டு அவர் போனார்.

மோகனா வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம வாசலுக்குப் பசங்க யாரு வாராங்க?" என்று கேட்டாள்.

ரசாக் குடித்து வைத்த தம்ளரை அவன் குனிந்து எடுத்தான்.

"நீங்களா?"

"நீ போன் பண்ணுவேன்னு நெனச்சேன்." அவன் தம்ளரைத் திரும்பக் கீழே வைத்தான். "ஓரமா நிறுத்திப்போட்டுப் போன் பண்ணுவே, நான் வந்து கூட்டிட்டுப் போலாமுன்னு. இப்படி ஆகுமுன்னு நெனைக்கல மோகனா. சத்தியமா நெனைக்கல."

அவள் அழவில்லை, கத்தவுமில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"இத்தனை வருசம் என்னையத் தூக்குனீங்க. எனக்காகத் தூக்கறீங்கன்னு நெனச்சு நானும் கழுத்தப் புடிச்சுக்கிட்டேன். இனி ஒவ்வொரு தடவையும் நான் யோசிக்கோணும். எனக்காகவா, உங்குளுக்காகவான்னு."

"ரெண்டுந்தான்."

"இருக்கலாமுங்க. லோகாவுக்குப் போன் பண்ணி வரச் சொல்லுங்க. கட்டுப் பிரிக்கற வரைக்கும் அவ என்னையப் பாத்துக்கட்டும்."

"அவளுக்குப் படிப்பு இருக்குதே."

"வரச் சொல்லுங்க. நீங்க என்னையத் தொட வேண்டாம்."

லோகப்பிரியா மறுநாளே வந்தாள். அம்மா அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. "அப்பா களத்துக்கு எத்தனை நாள் லீவு போடுவாங்க" என்று மட்டும் சொன்னாள். மகளுக்குத் தூக்கத் தெரியவில்லை. அம்மாவை இழுத்து, பிடித்து, பாதி தவழவிட்டு நகர்த்தினாள். இரண்டு பேரும் வாசற்படியில் சிக்கிக்கொண்டு சிரித்தார்கள். காளிச்சாமி ஒதுங்கி நின்று பார்த்தான். எந்தக் கையை முதுகுக்குக் கீழே கொடுக்க வேண்டும், எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று அவனுக்கு அத்தனையும் தெரியும். வாய் திறந்தால் மோகனா பார்க்கிற பார்வைக்குப் பயந்து சொல்லாமல் இருந்தான். வண்டியின் மேல் வந்த பொறாமை இப்போது பெற்ற மகள் மேலேயும் வந்தது. அது அவனுக்கே அசிங்கமாக இருந்தது. ஆனால் வந்தது.

கட்டுப் பிரிக்கிற நாள் நெருங்கியபோது உறம்பரையாகச் சொந்தக்காரர்கள் சிலர் பார்க்க வந்தார்கள். பங்காளி, அவன் மனைவி, கூடவே சின்னாத்தாளும். பேச்சு வழக்கம்போலக் காளிச்சாமியிடம் வந்தது. "இந்தக் காலத்துல இப்படி ஒரு மாப்பிள்ள கெடைக்குமா" என்று பங்காளியின் மனைவி ஆரம்பித்தாள். "வண்டி வந்துதான் இந்தக் கெதி. பேசாம இவன் பைக்குலயே போயிருந்தா கையாவது தப்பிச்சிருக்கும்."

மோகனா தலையைக் குனிந்துகொண்டாள். மறுத்து ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. அவனைக் காட்டிக் கொடுக்காமல் அந்தப் பழியை வண்டியின் மேல் விழவிடுகிறாள் என்று காளிச்சாமிக்குப் புரிந்தது.

"வண்டி மேல தப்பில்லைங்க" என்றான். "சக்கரத்துல காத்த எறக்கிவுட்டது நாந்தான்."

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பங்காளி, "என்னப்பா சொல்றே?" என்றான்.

"அவ தானாப் போய்ட்டு வர்றது எனக்குப் பொறுக்கல. காத்த எறக்கிவுட்டேன். உழுந்துபோட்டா."

லோகப்பிரியா கையிலிருந்த டீத் தட்டைக் கீழே வைத்தாள். அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். வந்தவர்கள் அதிக நேரம் இருக்கவில்லை. சின்னாத்தாள் போகும்போது அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"லோகா முன்னால அத எதுக்குச் சொன்னீங்க?" என்று மோகனா கேட்டாள்.

"வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

இரண்டு நாளில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. டீக்கடையில் அவன் உட்கார்ந்தால் பேச்சு நின்றது. முன்பும் நிற்கும். இது வேறு மாதிரி. களத்தில் குமாரசாமி வேலையைப் பற்றி மட்டும் பேசினார். மகள் கல்லூரிக்குத் திரும்பிப் போகும்போது அவனிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அப்புறமும் பல வாரம் அம்மாவுக்கு மட்டும் போன் செய்தாள். பிறகு ஒருநாள் அவனுக்கும் செய்தாள். சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

கை பழகியதும் மோகனா மறுபடி வண்டியை எடுத்தாள். முதல் நாள் வாய்க்கால் மேட்டுத் திருப்பத்தில் நிறுத்தி, இறங்காமல் சற்று நேரம் அப்படியே இருந்துவிட்டுப் போனாள் என்று ஆடு மேய்க்கிறவர் சொன்னார். காலையில் வண்டிச் சக்கரங்களின் காற்றை அவளே அமுக்கிப் பார்த்துக்கொண்டாள். காளிச்சாமி வண்டியிருக்கும் பக்கம் போவதில்லை. எங்கே போகிறாய் என்று கேட்பதுமில்லை. கேள்வி நாக்கு நுனிவரைக்கும் வரும். விழுங்கிக்கொள்வான்.

கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனவள் வெயில் தாழ்ந்து வந்தாள். முகம் காற்றில் காய்ந்து கறுத்திருந்தது. நெற்றியில் விபூதி. இரண்டு பேருக்கும் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கேட்காமலே அவள் சொல்ல ஆரம்பித்தாள்.

"சென்னிமலைக்குப் போனனுங்க. மலைமேல ரோடு போகுதல்ல, அதுலயே ஏத்திப்போட்டேன்."

அவன் கை நின்றது.

"வளைவு வளைவா வருதுங்க. ஒரு எடத்துல வண்டி முக்கு முக்குனு முக்குது. பின்னால ஒரு கார்க்காரன் ஆரன் அடிச்சுட்டே வாரான். நானு ஓரமா ஒதுங்கவே இல்லை. பொறுமையா வரட்டுமுன்னு உட்டுட்டேன்."

"கோயிலுக்குள்ள எப்படிப் போனே?"

"போகல. வண்டில இருந்தபடியே கும்பிட்டேன். பூசாரி வந்து துண்ணூறு குடுத்துட்டுப் போனாரு. பொறவு அங்கயே நின்னு கீழ பாத்துட்டு இருந்தேன். ஊரெல்லாம் சின்னச் சின்னதாத் தெரியுதுங்க. தறி ஓடற சத்தங்கூட மேல வரைக்கும் கேக்குமுன்னு நெனச்சேன். கேக்கல. காத்துத்தான்."

காளிச்சாமிக்குக் கண்முன் அந்த மலைப்பாதை வந்தது. அதில் அவள் தனியாக ஏறுவது வந்தது. அவன் அங்கே இல்லை.

"எனக்குப் பொறாமையா இருக்குது மோகனா" என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருக்கும்" என்றாள். பிறகு அவன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். "கொரங்குக எத்தனை இருக்குது தெரியுமுங்களா அங்க."

"கிட்ட வந்துச்சா?"

"வந்துச்சே. ஒண்ணு வந்து முன்னாலயே உக்காந்துக்கிச்சு" என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள்.